உடற்கூறு ஓவியன் கொலை செய்வானா? நாவலுக்கு உதவி தேவை

மைக்கூடு:

வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். களம் லண்டன், வருடம் 1860. மருத்துவப் புத்தகங்களுக்குப் படம் வரையும் இரண்டு ஓவியர்கள். பிணத்தை அறுத்து, தோலை விலக்கி, நரம்பு நரம்பாகப் பார்த்து வரைகிறவர்கள். இருவருக்கும் தீராத போட்டி. ஒருவனுக்கு வரைவதற்கு நல்ல உடல் அமையவில்லை. தெருவில் போகிற ஒருத்தியைக் கொன்று, அவளையே வரைந்து பெரிய பேர் வாங்குகிறான். அச்சான படத்தைப் பார்த்ததும் எதிராளிக்கு அது யாரென்று தெரிந்துவிடுகிறது.

முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த நண்பர் “சினிமா” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டா? வரைகிறவர்களுக்கு உடல் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்:

கதை சரி, வருடம்தான் உதைக்கிறது. விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837இல். உடலுக்காகக் கொலை நடந்த காலம் அதற்குள் முடிந்துவிட்டது. 1832இல் பிரிட்டனில் உடற்கூறியல் சட்டம் வந்தது. ஏழை விடுதிகளில் செத்து, கேட்க நாதியில்லாமல் கிடந்தவர்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதற்கு முன்னால் அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்தவை பெரும்பாலும் தூக்கில் தொங்கிய கொலைகாரர்களின் உடல்கள்தான். மாணவர்களோ நூற்றுக்கணக்கில். அந்தப் பற்றாக்குறையில்தான் கல்லறையைத் தோண்டித் திருடுகிறவர்கள் பிழைத்தார்கள். தோண்டுவதைவிடச் சுலபமான வழி ஒன்று இருப்பதை ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள்.

வில்லியம் பர்க், வில்லியம் ஹேர். ஆரம்பம் கொலை அல்ல, வாடகைப் பாக்கி. 1827 நவம்பரில் ஹேரின் விடுதியில் தங்கியிருந்த கிழவர் ஒருவர், ஓய்வூதியம் வாங்கும் பழைய சிப்பாய், 4 பவுண்டு பாக்கி வைத்துவிட்டு நோயில் இறந்துபோனார். சவப்பெட்டிக்குள் தோல் பதனிடும் மரப்பட்டையை நிரப்பி மூடிவிட்டு, உடலை சர்ஜன்ஸ் ஸ்கொயர் 10ஆம் எண்ணில் டாக்டர் ராபர்ட் நாக்ஸ் நடத்திய பள்ளிக்குத் தூக்கிப்போனார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். அடுத்த ஆள் தானாகச் சாகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. 1828 அக்டோபர் முடிவதற்குள் 16 கொலைகள். விலை குளிர்காலத்தில் 10 பவுண்டு, கோடையில் 8. வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும் அல்லவா, மீன் வியாபாரம் மாதிரிதான்.

1860இல் உங்கள் ஓவியனுக்குக் கொலை செய்யவேண்டிய அவசியமே இல்லை. வரிசையில் நின்றால் போதும்.

மைக்கூடு:

என் வில்லனின் வேலையையே பறித்துவிட்டீர்கள். சரி, கதையை 1828க்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், பர்க்கும் ஹேரும் பணத்துக்குக் கொன்றவர்கள். அங்கே ஓவியத்துக்கு என்ன வேலை?

சாக்பீஸ்:

இருக்கிறது தம்பி. முப்பது வருடம் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இந்தக் கதையை முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எப்போதும் ஒரு இடத்தில் குரல் இறங்கிவிடும். அது மேரி பேட்டர்சன் வரும் இடம்.

வயது பதினெட்டு இருக்கலாம். 1828 ஏப்ரலில் பர்க் அவளைக் காலைச் சாப்பாட்டுக்கு என்று கூட்டிப்போய், மதுவை ஊற்றிக் கொடுத்து, மயங்கியதும் முடித்துவிட்டார்கள். அவர்கள் முறை என்னவென்றால், ஒருவன் மார்பின் மேல் கனத்தை இறக்குவான், மூக்கும் வாயும் பொத்தப்படும். கத்தி இல்லை, கயிறு இல்லை, உடம்பில் ஒரு கீறல் இருக்காது. அந்த முறைக்கே ஆங்கிலத்தில் பர்க்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. சில மணி நேரத்தில் உடல் நாக்ஸின் பள்ளியில் இருந்தது. விலை 8 பவுண்டு. மற்ற உடல்கள் உடனே கத்திக்குப் போகும். இவளை மட்டும் அறுக்காமல் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் விஸ்கியில் போட்டு வைத்திருந்ததாகவும், உடல் அமைப்பு அவ்வளவு அழகாக இருந்ததால் ஓவியர் ஒருவரை அழைத்து வந்து காட்டியதாகவும் பர்க் பிற்பாடு வாக்குமூலத்தில் சொன்னான்.

அப்படி வரையப்பட்ட படம் ஒன்று இன்றும் அச்சில் கிடைக்கிறது. ஓலிஃபன்ட் என்ற ஓவியர் வரைந்தது. ஐரோப்பிய ஓவியர்கள் காதல் தேவதையைப் படுக்கவைத்து வரைவார்களே, அந்தச் சாயலில் கிடத்தியிருப்பார்கள். வரைந்தவருக்கு அவள் கொலையுண்டவள் என்று தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் மூன்று வருடமாகத் தேடுகிற காட்சி இதுதானே? உங்கள் நண்பர் சினிமா என்று சொன்னது நடந்த விஷயம். ஒரே வித்தியாசம், வரைந்தவன் வேறு, கொன்றவன் வேறு.

உப்புமூட்டை:

சாப்பிட்டுக்கொண்டே இந்த இழையைத் திறந்தது என் தப்பு.

குறுக்குக்கேள்வி:

வக்கீலாக ஒரு சின்ன எச்சரிக்கை. 1828 டிசம்பர் 24 அன்று தொடங்கிய வழக்கில் பர்க் தண்டிக்கப்பட்டது மார்கரெட் டோச்சர்ட்டி என்ற பெண்ணின் கொலைக்காக. ஹேர் அப்ரூவர் ஆகித் தப்பினான். பர்க்கின் துணைவி ஹெலன் மெக்டூகல் மீதான குற்றம் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று தீர்ப்பு. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி ஒன்று இருந்தது. மேரி பேட்டர்சன் கொலைக்கு நீதிமன்றம் யாரையும் தண்டிக்கவில்லை. விஸ்கிப் பீப்பாய், ஓவியர் வருகை எல்லாம் தூக்குக்குக் காத்திருந்தவன் சொன்னவை. பத்திரிகையில் வந்தவை. நாக்ஸ் மீது வழக்கே கிடையாது. விசாரித்த குழு அவர் அசட்டையாக இருந்தார் என்றது, கொலை என்று தெரிந்தே வாங்கினார் என்று சொல்லவில்லை.

நாவலில் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் ‘உண்மைச் சம்பவம்’ என்று அட்டையில் போட்டால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ்:

வக்கீல் சார், சட்டத்தில் நீங்கள் சொல்வது சரி. அறுவை மேசையருகே நின்றவள் பார்வையில் ஒன்று சொல்கிறேன். புதைத்து எடுத்த உடல் எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்து உடற்கூறு ஆசிரியருக்குக் கைப்பழக்கம். மண் இருக்கும், நிறம் மாறியிருக்கும், வாசனை வரும். கிட்டத்தட்ட ஒரு வருடம், ஒரே இரண்டு ஆட்கள், மண்ணே படாத உடல்களாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதிலும் ஜேம்ஸ் வில்சன் என்ற பையன், சித்தம் கொஞ்சம் பிசகினவன், எடின்பரோ தெருக்களில் எல்லாருக்கும் தெரிந்தவன். மேசையில் பார்த்த மாணவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். நாக்ஸ் இல்லை என்று சாதித்தார். தெரிந்தே வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்கிறேன். அதற்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது?

பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கில் போட்டு, அந்த உடலையும் அறுத்தார்கள். அறுத்தவர் நாக்ஸின் போட்டியாளரான பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் மன்றோ. பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 16 பேரைக் கொன்றவன் பெயர்ப்பலகையோடு நிற்கிறான்.

நான் படித்த காலத்தில் எங்கள் மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். பெயர் கிடையாது, எண் மட்டும். நாங்களாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தோம். வேடிக்கையாகத்தான் தொடங்கியது. ஒருநாள் வலது கையைத் திருப்பியபோது உள்பக்கம் ஒரு பெண் பெயரைப் பச்சை குத்தியிருந்தது. அதற்கப்புறம் அந்த விளையாட்டுப் பெயரை யாரும் சொல்லவில்லை.

மரக்கட்டை:

கொலையை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், போட்டியை விட்டுவிட்டீர்களே. மைக்கூடு சொன்ன காலத்துக்கே பக்கத்தில், 1858இல், உலகப் பிரசித்தியான உடற்கூறியல் பாடப்புத்தகம் ஒன்று இருக்கிறது. ‘கிரேஸ் அனாட்டமி’. மருத்துவம் படித்த எல்லாருக்கும் கிரேயைத் தெரியும். படம் போட்டவர் பெயர் கேட்டால் தெரியாது.

ஹென்றி வேன்டைக் கார்ட்டர். அப்பா கடற்காட்சி வரையும் ஓவியர். மகன் மருத்துவமும் படித்தான், கையில் ஓவியமும் இருந்தது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் ஹென்றி கிரேவுக்கு நான்கு வயது இளையவன். கிரே மேலே மேலே போகிற ஆள். 25 வயதில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் உறுப்பினர். மண்ணீரல் பற்றி எழுதி 300 பவுண்டு பரிசு வாங்கினார். அதற்கும் கார்ட்டர்தான் படம் வரைந்தார், புத்தகமாக வந்தபோது நன்றி என்று ஒரு வரி இல்லை. அது தெரிந்தும் பெரிய புத்தகத்துக்கு மறுபடி உட்கார்ந்தார்.

இருவரும் சேர்ந்தே உடல்களை அறுத்தார்கள். ஒன்றரை வருடம் போல வேலை. 363 படங்கள். நான் லினோவிலும் மரத்திலும் செதுக்கிப் பழகுகிறவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வழக்கமாகக் காகிதத்தில் வரைந்த படத்தை வேறொருவர் மரப் பிளாக்கில் ஏற்றுவார். கார்ட்டர் நேராகப் பிளாக்கின் மேலேயே வரைந்தார். அச்சில் நேராக விழவேண்டும் என்றால் பிளாக்கில் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருக்கவேண்டும். எதிரில் கிடக்கிற உடலின் வலது கையைப் பார்த்துக்கொண்டே இடது கையாக வரையவேண்டும். பிறகு பட்டர்வொர்த் அண்ட் ஹீத் பட்டறையின் செதுக்குநர்கள் அந்தக் கோடுகளைச் சுற்றி மரத்தைக் குடைந்து எடுத்தார்கள். இன்னொரு புதுமை: அதுவரை பல புத்தகங்களில் உறுப்புக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும், அது என்னவென்று அடிக்குறிப்பில் போய்த் தேடவேண்டும். கார்ட்டர் தசையின் மேலேயே தசையின் பெயரை, நரம்பின் ஓட்டத்திலேயே நரம்பின் பெயரை எழுதினார். மாணவன் கண்ணை எடுக்கவேண்டியதில்லை. அந்தப் புத்தகம் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

இனி பணம். ஆயிரம் பிரதிக்கு 150 பவுண்டு கிரேவுக்கு. கார்ட்டருக்கு மொத்தமாகவே 150 பவுண்டு, ஒரே தடவை, ராயல்டி இல்லை. வேலையை முடித்துவிட்டு அவர் பம்பாய்க்குக் கப்பலேறினார், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வேலை. புரூஃப் வந்தபோது லண்டனில் கிரே மட்டும். முகப்புப் பக்கத்தில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் கோத்திருந்தது. கார்ட்டர் பெயரைச் சின்ன எழுத்தாக்கச் சொன்னார் கிரே. பெயருக்குக் கீழே இருந்த பம்பாய்ப் பேராசிரியர் பதவியையும் அடித்துவிட்டார்.

நாவலாசிரியரே, அந்தப் பேனாவைவிட நல்ல ஆயுதம் உங்களுக்குக் கிடைக்காது.

குறுக்குக்கேள்வி:

கிரேவுக்காகவும் ஒருவர் வாதாடவேண்டும். முகப்பில் ‘படங்கள்: கார்ட்டர்’ என்றும், அறுவைகள் இருவரும் சேர்ந்து செய்தவை என்றும் அச்சாகித்தான் இருக்கிறது. பெயரை எடுத்துவிடவில்லையே. பாடம் எழுதியது கிரே. மொத்தத் தொகைக்குச் சம்மதித்தது கார்ட்டர். விற்குமா விற்காதா என்று தெரியாத 28 ஷில்லிங் புத்தகத்துக்குக் கையில் காசு வாங்கிக்கொள்வது முட்டாள்தனம் அல்ல.

மரக்கட்டை:

சம்மதித்தார்தான். பையன் கூச்சசுபாவம், டைரி முழுக்கத் தன்னையே நொந்துகொள்கிற ஆள். கேட்டு வாங்கத் தெரியாதவனிடம் சம்மதம் வாங்குவது பெரிய காரியமா? எழுத்தின் அளவைக் குறைத்தபோது ஆள் ஊரில் இல்லை. என்னால் இதைச் சும்மா விடமுடியவில்லை, நானும் படம் போடுகிறவன். ஒருமுறை ஒரு சிறு பதிப்பகத்தில் நாற்பது படம் வரைந்து கொடுத்தேன், என் பெயர் விலை அச்சாகும் பக்கத்தில் பார்கோடுக்கு மேலே வந்தது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் அம்மாவுக்குக் காட்டினேன்.

மைக்கூடு:

கிரே அப்புறம் என்ன ஆனார்? யாராவது விஷம் வைத்தார்களா? (கேட்கிறது தப்பில்லையே.)

மரக்கட்டை:

பெரியம்மை. அக்காள் பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ, அம்மை கண்ட சிறுவனுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் தொற்றிக்கொண்டது. 1861 ஜூனில் போய்விட்டார். வயது 34. மூன்றே வருடம்தான் அந்தப் புத்தகத்தின் புகழை அனுபவித்தார். கார்ட்டர் 1897 வரை இருந்தார்.

வைகைக்கரை:

நான் இங்கே வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன். கார்ட்டர் பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மதுரைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. மருத்துவப் புத்தகங்களில் ‘மதுரைக் கால்’ என்று ஒரு நோய் வரும். 1840களில் மதுரை மருந்தகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார மருத்துவர் விவரித்ததால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதை பம்பாயில் இருந்து ஆராய்ந்து, பூஞ்சையால் வருவது என்று 1860இல் சொன்னவர் இதே கார்ட்டர். 1874இல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

உப்புமூட்டை:

ஆனைக்கால்தானே?

வைகைக்கரை:

இல்லை ஐயா, எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனைக்கால் கொசுவால் பரவும் புழுவால் வருவது. இது வேறு. வெறுங்காலோடு வயலிலும் முள்காட்டிலும் நடக்கிறவர்களுக்கு முள் குத்தின இடத்தில் மண்ணிலிருந்து கிருமி ஏறிக்கொள்ளும். வலி பெரிதாக இருக்காது, அதனாலேயே கவனிக்கமாட்டார்கள். பாதம் வீங்கிக் கட்டிகட்டியாகி, துளைகள் வழியே சின்னச் சின்ன மணிகள் மாதிரி வெளியே வரும். முற்றினால் எலும்பையும் அரிக்கும். கறுப்பு மணி, வெள்ளை மணி என்று நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். பூஞ்சையால் வருவது ஒரு வகை, பாக்டீரியாவால் வருவது இன்னொரு வகை என்பது பிற்பாடு தெளிவானது. எங்கள் தாத்தா காலத்து ஆட்களிடம் நானே பார்த்திருக்கிறேன்.

லண்டனில் பெயரைச் சின்னதாக்கினார்கள் என்றால், இங்கே தன் பெயரிலேயே படம் வரைந்து புத்தகம் போட்டிருக்கிறார். எனக்கு அதில் ஒரு திருப்தி.

குதிரைவால்:

ஓவியன் கையாலேயே கொலை வேண்டும் என்றால் கேமராக்காரர் ஒருவர் இருக்கிறார். எட்வர்ட் மைபிரிட்ஜ், இங்கிலாந்துக்காரர். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன என்று படம்பிடித்துக் காட்டியவர். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1874 அக்டோபரில், கலிபோர்னியாவில் தன் மனைவியின் காதலனைத் தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றார். பழைய வண்டி விபத்தில் மூளை கலங்கியவர் என்று வக்கீல் வாதாடினார். ஜூரி அதை ஏற்கவில்லை, ஆனால் கொன்றது நியாயம்தான் என்று விட்டுவிட்டது!

இதில் மரக்கட்டைக்கு ஒரு செய்தி. மைபிரிட்ஜுக்குப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு, 1882இல் அந்தக் குதிரைப் படங்களை வைத்து ஒரு மருத்துவரின் பெயரில் புத்தகம் போட்டார். முகப்பில் மைபிரிட்ஜ் பெயர் இல்லை. வழக்குப் போட்டார், தோற்றார். துப்பாக்கியால் சுட்ட வழக்கில் ஜெயித்தவர் முகப்புப் பக்க வழக்கில் தோற்றுப்போனார்.

பழுப்புத்தாள்:

நானும் ஒன்று கொண்டுவந்தேன். சாக்பீஸ் டீச்சர் “யாரும் கேட்கவில்லை” என்று எழுதியது மண்டையிலேயே நின்றது. கேட்டவர் ஒருவர் இருந்தார்.

1831 நவம்பர் 5, லண்டன் கிங்ஸ் கல்லூரி. ஜான் பிஷப்பும் அவன் கூட்டாளிகளும் ஒரு சிறுவனின் உடலைக் கொண்டுவந்தார்கள். பதினாலு வயது இருக்கும். 12 கினி (கினி என்றால் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கேட்டு 9 கினிக்கு இறங்கினார்கள். அறுவைக்கூடத்துக் காவலாளிக்குச் சந்தேகம், உடல் புதைக்கப்பட்ட மாதிரியே இல்லை. ஆசிரியர் ரிச்சர்ட் பார்ட்ரிட்ஜ் வந்து பார்த்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், “என்னிடம் 50 பவுண்டு நோட்டாக இருக்கிறது, சில்லறை மாற்றி வருகிறேன்” என்ற அர்த்தத்தில் சொல்லி அவர்களை உட்காரவைத்துவிட்டுப் போலீசுக்கு ஆள் அனுப்பினார். பையனுக்கு ரம்மில் அபின் மருந்தைக் கலந்து கொடுத்து, தலைகீழாகக் கிணற்றில் இறக்கிக் கொன்றிருந்தார்கள். பிஷப்பும் கூட்டாளிகளில் ஒருவனான வில்லியம்சும் டிசம்பர் 5 அன்று தூக்கில் தொங்கினார்கள். அடுத்த வருடம் அந்த உடற்கூறியல் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கு பெரிய உந்துதல்.

சரி, இது ஓவியர் இழைதானே என்கிறீர்களா? பார்ட்ரிட்ஜின் அண்ணன் ஜான் பெரிய உருவப்பட ஓவியர். தம்பி ரிச்சர்டும் வகுப்பில் கரும்பலகையில் பிரமாதமாகப் படம் போடுவார். 1852இல் ராயல் அகாடமியில் ஓவிய மாணவர்களுக்கு உடற்கூறியல் பேராசிரியர் ஆனார். அதே 1852இல் லண்டனில் ‘ஓவியர்களுக்கான உடற்கூறியல் கையேடு’ என்ற வகையில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் யார் தெரியுமா? எடின்பரோவில் பிழைப்பு போய் லண்டனுக்கு வந்து சேர்ந்த அதே ராபர்ட் நாக்ஸ்.

ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே பாடம். சில்லறை இல்லை என்று சொன்னவரும், எதுவும் கேட்காமல் காசு எண்ணிக் கொடுத்தவரும்.

(பார்ட்ரிட்ஜைக் கோவிலில் வைத்துவிடாதீர்கள். 1862இல் இத்தாலியப் போராளி கரிபால்டியின் காலில் பாய்ந்த குண்டைத் தேட இத்தாலிக்கே போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே குண்டு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். குண்டு இருந்தது.)

சாக்பீஸ்:

1852 பொருத்தம் எனக்கே தெரியாது. முப்பது வருடம் பாடம் எடுத்தும் தவறவிட்டிருக்கிறேன். நன்றி.

மைக்கூடு:

எழுதின ஐந்து அத்தியாயத்தையும் தூக்கி வைத்துவிட்டேன். கொலைகாரன் வேண்டாம். 1852, லண்டன். ஓவிய மாணவன் ஒருவன். பகலில் பார்ட்ரிட்ஜ் வகுப்பு, ராத்திரி நாக்ஸின் புத்தகம். பழைய படக்கடையில் சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணின் படம் ஒன்று அவன் கையில் கிடைக்கிறது. அழகாக இருக்கிறதே என்று அதைப் பார்த்து வரைந்து பழகுகிறான். யாரென்று விசாரிக்கத் தொடங்குவது மூன்றாம் அத்தியாயத்தில்தான். அவனைக் கார்ட்டர் மாதிரி கூச்சக்காரனாக வைக்கப்போகிறேன், மரப் பிளாக்கில் வரைகிற வேலை. வக்கீல் சார், ‘உண்மைச் சம்பவம்’ என்று போடமாட்டேன்.

மரக்கட்டை, பிளாக்கில் வரையும் காட்சி எழுதும்போது உங்களைத் தொந்தரவு செய்யலாமா?

மரக்கட்டை:

தாராளமாக. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் பிளாக்கில் அவன் கண்டிப்பாகத் தப்பு செய்யவேண்டும். இதயத்தை நேராக வரைந்துவிட்டு, அச்சில் அது வலது பக்கம் விழுந்திருப்பதைப் பார்த்து முழிக்கவேண்டும். நான் முழித்திருக்கிறேன். அவ்வளவு நல்ல மரத்தைத் தூக்கி எறிய மனசு வராது, இழைத்துவிட்டு மறுபடி அதிலேயே வரைவான். இழைத்த மரத்தில் பழைய கோடு கொஞ்சம் தெரியும்.